மாநகர் காணும் உரிமை

ஊர் பார்த்தலை ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் எண்ணிவருகிறோம். வரலாற்று நூல்களிலே அதற்கு இடமில்லை. மன்னர் படையெடுத்த செய்தி அங்கே இருக்கும். ஆளுநர் வீதி சமைத்த செய்தி இருக்கும். கோடை விடுமுறையில் ஒரு மூதாட்டி தன் பேரப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு பெருநகரின் கடற்கரைத் திடலிலே உலாவிய செய்தி இராது. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் தம் நாட்டின் மாநகரில் எத்தகைய நிலையில் உள்ளனர் என்பதை அறிவதற்கு இதனினும் நல்ல அளவுகோலை நாம் கண்டதில்லை. அம்மூதாட்டி எங்கிருந்து வந்தாள்? எந்த மொழியில் வழி கேட்டாள்? இரவு எங்கே தங்கினாள்? "இங்கு வந்த காரணம் என்ன?" என்று எவரேனும் அவளை மறித்துக் கேட்டனரா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், ஒரு நூற்றாண்டுச் சமூக வரலாறே நம் கண்முன் விரியும்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் சிதறிக்கிடக்கும் தீவகத்தை இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறை, வேலணை, மண்கும்பான் முதலிய ஊர்களைக் கொண்ட பெருந்தீவும், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பனவும் இதில் அடங்கும். இத்தீவுகளின் மக்கள் பல தலைமுறைகளாகக் கொழும்பு மாநகரோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர்கள். அங்கே கடை வைத்தனர். அங்கிருந்து வீட்டுக்குக் காசு அனுப்பினர். பள்ளி விடுமுறை வந்ததும் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று நகரைக் காட்டினர். அப்பயணத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

மாநகரங்களின் பெயர் தாங்கிய தீவுகள்

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். பின்னர்த் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை எடுத்து இத்தீவுகளுக்குச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும், காரைதீவு ஆம்ஸ்டர்டாம் என்றும், அனலைதீவு ரொட்டர்டாம் என்றும், நயினாதீவு ஹார்லம் என்றும் அவர்தம் படங்களிலே இடம்பெற்றன. இப்பெயர்களை ஒரு வேடிக்கையாகக் கருதிவிட வேண்டாம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு கிளைச் சபைகள் இருந்தன. அவற்றுள் ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம் ஆகிய நான்கு நகரங்களிலிருந்த சபைகளின் பெயர்களை நம் தீவுகள் நான்கு தாங்கி நின்றன. கம்பனியின் பங்காளிகள் இலாபத்தை எண்ணிய நகரங்களின் பெயர்கள், அந்த இலாபத்தின் ஒரு சிறு துளி விளைந்த மண்ணின்மேல் முத்திரையாகக் குத்தப்பட்டன. அவற்றுள் டெல்ஃப்ட் என்ற பெயர் ஆங்கில ஆவணங்களிலும் படங்களிலும் இன்றளவும் வழங்கிவருகின்றது. ஐரோப்பியர் அங்கே வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் புல்வெளிகளிற் கட்டின்றித் திரிகின்றன.

உண்மையில், பெயரை இரவல் வாங்க வேண்டிய வறுமை இத்தீவகத்துக்கு இருந்ததில்லை. ஊர்காவற்றுறை ஒரு காலத்திற் கடல்கடந்த நாடுகள் அறிந்த துறையாக விளங்கியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அதனைப் பொறிப்பித்தவன் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. காலம் 12 ஆம் நூற்றாண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டார் பாதுகாப்போடு தங்கியிருக்க வேண்டும் என்பது அக்கல் கூறும் ஆணை. யானைகளும் குதிரைகளும் அரசனுக்கென ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி என்பது அது விதிக்கும் முறை.

இக்கல்வெட்டை நாம் இருவகையிற் படிக்கவேண்டும். அரசன் தன் வருவாயைக் கருதியே இவ்விதியைச் செய்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வருவோன் அச்சமின்றி இருக்க வேண்டும் என்பதனை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசு கல்லிலே எழுதியது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழ் வழங்கும் துறையிலே தமிழிலேயே எழுதினான். மக்கள் அறிந்த மொழியில் ஆணை இருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அவன் உணர்ந்திருந்தான். இருபதாம் நூற்றாண்டின் அமைச்சர் பலர் அதனை உணரவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

துறைமுகம் சிறுத்த கதை

ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர், துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. யானைத்துறை என்றே அவர்கள் அதனை அழைத்தனர். காட்டிலே பிடித்த யானைகள் இங்கேதான் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்குச் சென்றன. பின்னர்ப் பல காலமாக இத்துறையிற் பாய்மரக் கப்பல்கள் அக்கரையோடு வாணிகம் நடத்தின. சோளகக் காற்றும் வாடைக் காற்றும் அறிந்த மாலுமிகளும், மரக்கலம் கட்டும் தச்சரும், சுமை இறக்கும் கூலிகளும் இங்கே வாழ்ந்தனர்.

இந்நிலையை மாற்றியது நீராவி யுகம். கொழும்பில் 1875 இல் தொடங்கிய அலைத்தடை அணையின் வேலை 1885 இல் நிறைவேறியது. தேயிலையை ஏற்றிச்செல்லவும், கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்கள் நிலக்கரி பெறவும் உகந்த பெருந்துறையாகக் கொழும்பு எழுந்தது. காலித் துறைமுகம் தன் முதன்மையை இழந்தது. வடக்கின் சிறு துறைகள் மெல்ல ஒளி மங்கின. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை முழுமையடைந்தது. அதுவரை வடக்கையும் மேற்கையும் நோக்கிக் கடலைப் பார்த்திருந்த தீவகம், அன்றுமுதல் தெற்கே திரும்பித் தண்டவாளத்தைப் பார்க்கலாயிற்று.

மண் மெலிந்த தீவுகள். நன்னீர் அரிதான தீவுகள். கோடை பிறந்தால் ஒரு குடம் குடிநீருக்குப் பெண்கள் நெடுந்தூரம் நடக்கும் ஊர்கள். இங்கே பிறந்த இளைஞன் கடல் வாணிகம் நலிந்தபின் எங்கே போவான்? கொழும்புக்குப் போனான், கண்டிக்கும் காலிக்கும் போனான், சிங்களக் கிராமத்துச் சந்திகளிலே சுருட்டுக்கடை வைத்தான், பலசரக்குக் கடையும் சைவ உணவுச்சாலையும் நடத்தினான். கொழும்பின் புறக்கோட்டையிலே தீவகத்தார் பெயர் பெற்ற வணிகராயினர். கோட்டைக்குப் புறத்தே உள்ள இடம் புறக்கோட்டை. ஆட்சியாளன் உள்ளேயும் உழைப்போன் வெளியேயும் இருந்த குடியேற்ற நகரின் அமைப்பை அந்தத் தமிழ்ப் பெயரே கூறிவிடுகிறது.

வணிகரின் வெற்றியைப் பாடும் நினைவு மலர்கள் பல உள்ளன. கடைக்குப் பின்னால் இருந்த வாழ்வை அவை பாடுவதில்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, உறவினர் ஒருவரின் கடைக்கு வேலைக்கு வந்த சிறுவர்களின் வரலாறு அது. விடியுமுன் எழுந்து கடை திறந்தனர். நள்ளிரவில் மூடைகளின்மேற் படுத்தனர். சாப்பாடும் உறைவிடமுமே கூலியின் பெரும்பங்காகக் கழிக்கப்பட்டது. முதலாளியும் ஊரவர், சிப்பந்தியும் ஊரவர் என்ற உறவு, சுரண்டலை மறைக்கும் திரையாயிற்று. மாநகரின் நடுவே வாழ்ந்தும் மாநகரைக் காணாதவர்கள் அவர்கள். தீவிலிருந்த பெண்களோ மாதந்தோறும் வரும் காசுக்கட்டளையிலே தான் கொழும்பைக் கண்டனர். கணவனின் கடை எந்தத் தெருவிலிருக்கிறது என்பதை அறியாமலே முதுமை எய்திய ஆச்சிமார் பலர். பேரப்பிள்ளை வளர்ந்து, "அம்மம்மா, கொழும்பைக் காட்டுங்கோ" என்று கேட்டபோதுதான், அப்பிள்ளையைக் காரணமாகக் கொண்டு அவர்களும் முதன்முறையாக நகரைக் கண்டனர். ஊர் பார்த்தல் உழைக்கும் மக்களுக்கு எளிதிற் கிடைத்த பேறு அன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

கண்டதும் காட்டியதும்

நெடுந்தீவிலிருந்து வருவோர் வள்ளமேறிப் புங்குடுதீவுக் கரையை அடைவர். தாம்போதிகள் அமைந்தபின் அங்கிருந்து வேலணை வழியாகப் பண்ணைக் கடலைக் கடந்து யாழ்ப்பாணம் வரை பேருந்திற் செல்ல முடிந்தது. பின்னர் இரவுத் தபால் வண்டி. விடிந்தாற் கொழும்புக் கோட்டை நிலையம். தீவகத்துப் பிள்ளைக்கு அங்கே முதல் வியப்பு, திருகியதும் வழியும் நன்னீர்க் குழாய் என்று சொன்னால் மிகையாகாது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய் நீர் வந்துவிட்டது. தலைநகருக்கு மலையடிவாரத்து நீர், தீவுக்கு உவர்க்கிணறு என்ற பங்கீடு இயற்கை செய்தது மட்டுமா என்று எந்தப் பிள்ளையும் கேட்கலாம். கேட்கும்படி நாம் கற்பிக்கவும் வேண்டும்.

அடுத்துக் காட்டப்படுவது நூதனசாலை. 1877 இல் அது திறக்கப்பட்டது. அதனை நிறுவிய ஆளுநர் வில்லியம் கிரகறியின் சிலை முன்றிலிலே நிமிர்ந்து நிற்கிறது. அந்த வெண்ணிற மாளிகையைக் கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். அவருக்குக் கீழே சுண்ணாம்பு குழைத்தும் கல் சுமந்தும் உழைத்தவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. உள்ளே ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409 ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிப்பித்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில், புத்தருக்கும் தேவுந்தறைத் தெய்வத்துக்கும் இசுலாமியர் வணங்கும் இறைவனுக்கும் காணிக்கை அளித்ததை அது சொல்கிறது. காலி நகரில் 1911 இல் அது கண்டெடுக்கப்பட்டது. இத்தீவின் துறைகளிலே தமிழ் ஒரு பொதுமொழியாக வழங்கியது என்பதற்கு நயினாதீவுக் கல்வெட்டும் இக்கல்லும் இரு சான்றுகள். பேரப்பிள்ளையை இக்கல்லின் முன் நிறுத்திப் படித்துக்காட்டும் பெரியோர் மிகச் சிலரே. இதனை நம் பாடசாலைகள் செய்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் பெரிதும் விரும்புவது தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர் நடத்திய விலங்குச் சேகரிப்பிலிருந்து அது வளர்ந்தது; 1936 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. இவருடைய தமையனார் முறையினரான கார்ல் ஹாகன்பெக், 1880 களில் இலங்கை மக்களை யானைகளோடு சேர்த்து ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று, கட்டணம் பெற்றுக் காட்சிக்கு வைத்தவர். அன்று அந்நகரங்களின் பேரன்மாரும் பேத்திமாரும் முதியோரின் கைபிடித்து வந்து பார்த்த வேடிக்கைப் பொருள் நம் நாட்டு மனிதர். பார்ப்போன் யார், பார்க்கப்படுவோன் யார் என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது என்ற பாடத்தை இதனினும் தெளிவாக எந்த நூலும் கற்பிக்க முடியாது.

காலி முகத்திடல்

மாலையில் எல்லோரும் சென்று சேரும் இடம் காலி முகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் அதன் உலாவீதியை அமைத்து முடித்து, கொழும்பு நகரின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டிக்கொண்டார் என்பது அங்குள்ள கல்லிற் காணப்படும் செய்தி. எந்தப் பெண்களும் பிள்ளைகளும் அவர் மனத்தில் இருந்தனர் என்பதை ஊகிப்பது அரிதன்று. மாலையிற் குதிரை வண்டியில் வந்து காற்று வாங்கிய வெள்ளைச் சீமாட்டிகளே அவர்கள். ஆனால், வரலாறு அத்திடலை வேறு பலருக்கும் உரியதாக்கியது.

1937 மே 5 ஆம் நாள், தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய பிறேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞரை நாடுகடத்த ஆளுநர் ஆணையிட்டிருந்த வேளையில், அவர் இத்திடலிற் கூடிய பெருங்கூட்டத்தின் முன் தோன்றினார். பின்னர் உயர்நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. 1953 ஓகஸ்ட் 12 ஆம் நாள், அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. திடலுக்கு அப்பால் தெரியும் துறைமுகத்திலே நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி அமைச்சரவை கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பசியை ஒரே நாளில் உணர்ந்த அந்த ஓகஸ்டை எந்தத் தாத்தாவும் பேரனுக்குச் சொல்லத் தவறலாகாது.

ஆனால், அடுத்த பக்கத்தையும் மறைக்கலாகாது. 1956 ஏப்ரலில் 'யாழ்தேவி' கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பயணம் விரைவாயிற்று, பேரப்பிள்ளைகள் மகிழ்ந்தனர். அதே ஆண்டு ஜூன் 5 ஆம் நாள், சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் காலி முகத்திடலில் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். காடையர் அவர்களைத் தாக்கினர். தண்டவாளம் இரு மக்களை நெருங்கவைத்த ஆண்டிலேயே சட்டம் அவர்களைப் பிரித்தது. பராக்கிரமபாகு நயினாதீவுக்குத் தமிழில் எழுதினான். 1956 இன் பாராளுமன்றம் நயினாதீவுக்குச் சிங்களத்தில் எழுதத் துணிந்தது. தன் நாட்டு மாநகரிலே பெயர்ப்பலகையைப் படிக்க இயலாத மூதாட்டியாகத் தீவகத்துப் பெண்ணை ஆக்கியது அச்சட்டம். 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்று கூறியது. கூறியதற்கும் நடந்ததற்கும் இடையே உள்ள தூரத்தை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியோர் அறிவர்.

கோடையில் மூண்ட தீ

1958 மே, 1977 ஓகஸ்ட், 1983 ஜூலை. இம்மூன்று வன்செயல்களும் கோடையிலே நிகழ்ந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1958 இல் கொழும்பில் அகதிகளான தமிழர் கப்பலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டனர். அவ்வாண்டின் வெறி நயினாதீவின் வழிபாட்டிடங்களையும் விட்டுவைக்கவில்லை. 1977 இல் அகதிகளை ஏற்றிச்சென்ற 'லங்கா ராணி' என்ற கப்பலின் பெயர் தமிழ்ப் புதினம் ஒன்றின் தலைப்பாகவே நிலைத்துவிட்டது. 1983 இல் புறக்கோட்டையும் வெள்ளவத்தையும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையிற் கைதிகள் கொல்லப்பட்டனர். தீவகத்தார் பல்லாண்டு உழைத்துக் கட்டிய கடைகள் சாம்பலாயின. அக்கடைகளுக்குள்ளே மூடைமேற் படுத்துறங்கிய சிப்பந்திகளின் இழப்புக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் தலைப்பு இருந்ததில்லை. அன்றும் தமிழ் அயலாரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். இந்நாட்டில் நம்பிக்கை வைப்பதற்கு அவர்களே நமக்குள்ள ஆதாரம்.

ஓடி வந்தவருக்கு ஊரும் அடைக்கலமாகவில்லை. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற 'குமுதினி' படகிலே, குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் கடற்படையினராற் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆண்டுகளில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் இடம்பெயர்ந்தனர், வீடுகள் பாழடைந்தன. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மண்கும்பானிலும் நயினாதீவிலும் உள்ள பள்ளிவாசல்கள் தொழுவோரின்றி நின்றன. நம்மவர் செய்தது என்பதற்காக இக்கொடுமையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லாது விடுவோமாயின், பிறர் செய்தவற்றைச் சொல்லும் தகுதியையும் நாம் இழப்போம்.

அவ்வாண்டு யாழ்ப்பாணப் புகையிரதமும் நின்றது. மீண்டும் அது யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரிலேயே. இடைப்பட்ட காலத்திற் கொழும்புப் பயணம் என்பது அனுமதிச் சீட்டுகளின் கதையாயிற்று. ஒரு பக்கம் இராணுவத்தின் அனுமதி. மறுபக்கம் புலிகளின் 'பாஸ்'. நகரை அடைந்தபின் பொலிசிற் பதிவு. 2007 ஜூன் 7 ஆம் நாள், கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் முன்னூற்றுக்கும் மேற்பட்டோர், தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் காட்டவில்லை எனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. தக்க காரணம் என்றால் என்ன? பேரப்பிள்ளைக்குக் கடலைக் காட்டுவது தக்க காரணம் ஆகாதா? காரணம் கூறாமலே தன் நாட்டின் மாநகரில் உலாவ இயலுமாயின் அவன் குடிமகன். காரணம் காட்டியே நடக்க வேண்டுமாயின் அவன் அந்நியன். 12 ஆம் நூற்றாண்டின் கல்வெட்டுப் பிறநாட்டாருக்கு அளித்த உறுதியை 21 ஆம் நூற்றாண்டின் அரசு தன் குடிமக்களுக்கே மறுத்தது.

எதிர்த்திசைப் பயணம்

போர் 2009 இல் முடிந்தது. அதன்பின் தெற்கிலிருந்து மக்கள் பேருந்து பேருந்தாக நயினாதீவுக்கு வரலாயினர். அவர்களுக்கு அது நாகதீபம்; புத்தர் வந்த புனித இடம். ஓர் ஆசனத்துக்காகப் போரிட்ட நாக அரசர் இருவரைப் புத்தர் சமாதானம் செய்தார் என்ற கதையை மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலையும் அத்தகைய ஒரு கதையை மணிபல்லவத்தின்மேல் ஏற்றிக் கூறுகிறது. குறிகட்டுவான் துறையிலிருந்து செல்லும் படகிலே, அம்மனைக் காணச் செல்லும் ஆச்சியும் அவர் பேத்தியும், நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள மூதாட்டியும் அவர் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து செல்வதை விடுமுறை நாட்களிற் காணலாம். இது நல்லதொரு காட்சி. ஆனால், அது சமமான காட்சியாவதற்கு இன்னும் பல வேண்டும். தெற்கத்தியப் பேரன் இங்கு வருவதற்குக் காரணம் கேட்கப்படுவதில்லை, கேட்கவும் கூடாது. தீவகத்துப் பேத்திக்குத் தெற்கிலும் அதே நிலை என்றென்றும் உறுதியாக வேண்டும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவே நிற்கும் ஹமன்ஹில் கோட்டை இன்று கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. 1971 கிளர்ச்சியின் பின் தென்னிலங்கை இளைஞர் அங்கே சிறைவைக்கப்பட்டனர். உல்லாசமாக வரும் தெற்கத்தியக் குடும்பங்கள் அச்சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது, தம் உறவினர் ஒருவரின் இளமை அங்கே கழிந்திருக்கலாம் என்பதை நினைப்பார்களாயின், வடக்கின் துயரும் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

2022 ஏப்ரலிற் காலி முகத்திடலில் இளைஞர் கூடாரம் அடித்தபோது இந்த விளக்கத்தின் தொடக்கத்தைக் கண்டோம். அங்கே நூலகம் வைத்தனர். மே 18 ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்ந்தனர். ஜூலையில் சனாதிபதி நாட்டை விட்டோடிப் பதவி துறந்தார். 1956 இல் தமிழர் அடிபட்ட புல்வெளியிலே தமிழரின் இழப்புக்கு விளக்கேற்றப்பட்டது சிறிய செய்தி அன்று. ஆனால் தமிழர் பலர் தூர நின்றே அதனைப் பார்த்தனர். பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் எழுந்த குரல், காணாமலாக்கப்பட்டோருக்காக ஏன் முன்னரே எழவில்லை என்ற அவர்களின் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

எப்படிப் பார்ப்பது?

மாநகரைப் பார்க்கும் முறையைத் தீவகமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913 இற் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உலகின் மாநகரங்கள் பலவற்றைக் கண்டு 'ஒன்றே உலகம்' என்ற நூலை எழுதினார். அவர் கண்டது கோபுரங்களையும் கடைவீதிகளையும் மட்டும் அன்று. நகரங்களின் நூலகங்களிலே தமிழின் தடத்தைத் தேடினார். லிஸ்பனில் 1554 இல் உரோம எழுத்துகளில் அச்சான தமிழ் நூலைத் தமிழறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அவரும் ஒருவர். தன்னை ஆண்டவனின் மாநகருக்குச் சென்று, அங்கே தன் மொழியின் சுவட்டைக் கண்டெடுப்பது ஒரு பார்வை.

மற்றொரு பார்வையைத் தந்தவர் புங்குடுதீவின் எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் (1935–1973). 1971 இல் தம் ஊரின் நன்னீர்க் கிணற்றிலே ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள வேண்டும் எனப் போராடிப் பொலிசாரின் அடிக்கு ஆளானார். கொழும்பில் நம்மை ஒதுக்கியோரைக் குறைகூறும் நாம், நம் ஊர்க் கிணற்றடியில் யாரை ஒதுக்கினோம் என்று கேட்ட பார்வை அது. மாநகரிலே குழாயடிக்குச் சாதி இல்லை என்பதைக் கண்டு வியந்த பேரப்பிள்ளைக்கு, ஊரிலே கிணற்றடிக்குச் சாதி இருந்ததை எந்தப் பெரியவர் விளக்கினார்? நகரை முழுமையாகக் காண வேண்டுமாயின் ஊரையும் கண் திறந்து காணவேண்டும்.

இன்று தீவகத்தாரின் பேரப்பிள்ளைகள் பலர் பரிசிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் வளர்கின்றனர். கோடை விடுமுறைக்கு அங்கே செல்லும் முதியோருக்கு நகரைக் காட்டுவோர் அப்பிள்ளைகளே. பாட்டிக்காகப் பெயர்ப்பலகையைப் படிக்கிறாள் பேத்தி; பயணச்சீட்டு எடுக்கிறாள்; வழி சொல்கிறாள். அந்நிய நாட்டிலே அந்நிய மொழி படிக்கத் தெரியாமை இயல்பு, அதில் இழிவில்லை. அதே மூதாட்டி தன் நாட்டின் மாநகரிலும் அவ்வாறே நிற்க நேர்ந்ததுதான் இழிவு. அந்த இழிவு அவளைச் சேர்ந்ததன்று, அரசைச் சேர்ந்தது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூறி முடிப்போம். கொழும்பிலே இப்போது 350 மீற்றருக்கு மேலுயர்ந்த தாமரைக் கோபுரம் நிற்கிறது; கடலைத் தூர்த்துத் துறைமுக நகரம் எழுகிறது. அடுத்த விடுமுறையிற் பிள்ளைகள் அவற்றைக் காண விரும்புவர், காணட்டும். உச்சியிலிருந்து கீழே பார்க்கும்போது புறக்கோட்டை எங்கே, அங்கே மூடை சுமந்தவர் யார், எந்த ஆண்டு அது எரிந்தது, எவர் வீட்டில் எவர் ஒளிந்து பிழைத்தனர் என்பவற்றைச் சொல்ல ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும். தீவகத்து முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்தப் படகில் வந்தனர், எந்தக் கடையில் எத்தனை ஆண்டு வேலை செய்தனர், எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டனர், பேரப்பிள்ளைக்கு முதலில் எதைக் காட்டினர் என்று அவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். சிங்கள, முஸ்லிம் மாணவர் தம் பாட்டன் பாட்டிமாரைக் கேட்டு எழுதியவற்றோடு அவற்றைச் சேர்த்துப் படியுங்கள். அவ்வேலையை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். அதற்கு எவரிடமும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதில்லை.